நூற்றைம்பது பழைய நூல்கள்: மூலக் கோப்பை எந்த வடிவத்தில் வைத்துக்கொள்வது?

அச்சுமை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிறு பதிப்பகம் ஒன்றின் பழைய நூல்களை மின்னூலாக்கும் வேலை என் கைக்கு வந்திருக்கிறது. ஏறத்தாழ 150 தலைப்புகள். நாவல், கட்டுரை, கவிதை, அடிக்குறிப்புகள் நிறைந்த ஆய்வு நூல் என எல்லா வகையும் உண்டு. பக்க வடிவமைப்பு செய்த மூலக் கோப்புகள் பழைய கணினிகளோடு போய்விட்டன. எஞ்சியிருப்பவை அச்சகத்துக்கு அனுப்பிய பிடிஎஃப் கோப்புகள்தான். சில நூல்களுக்கு அதுவும் இல்லை, அச்சுப் பிரதி மட்டுமே உண்டு.

"பிடிஎஃப்தான் கையில் இருக்கிறதே, அதையே மின்னூல் என்று கொடுத்துவிட்டால் என்ன?" என்று பதிப்பாளர் கேட்கிறார். அவரிடம் வாதிடுவதற்கு முன், அவற்றில் ஒன்றை ஆறு அங்குல வாசிப்புக் கருவியில் திறந்து பார்த்தேன். முழுப் பக்கமும் தெரியும்படி வைத்தால் எழுத்துகள் எறும்பு வரிசைபோல் இருக்கின்றன. பெரிதாக்கினால் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் காண வலப்பக்கம் இழுத்து, அடுத்த வரிக்காக மீண்டும் இடப்பக்கம் இழுக்க வேண்டியிருக்கிறது. மூன்று பக்கங்களோடு மூடி வைத்துவிட்டேன்.

ஆகவே பிடிஎஃப் மட்டும் போதாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒவ்வொரு நூலுக்கும் ஒரே மூலக் கோப்பை வைத்துக்கொண்டு மற்ற வடிவங்களை அதிலிருந்து எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தால், அந்த மூலம் எதுவாக இருக்க வேண்டும் என்பதே என் கேள்வி. இபப், மோபி என்ற மின்னூல் கோப்பு வடிவங்கள், சொற்செயலிக் கோப்பு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

நிரல்வாசி எழுதியது:

மோபியை முதலிலேயே பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். 2000-இல் தொடங்கிய மோபிபாக்கெட் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் வடிவம் அது. 2005-இல் அமேசான் அந்நிறுவனத்தை வாங்கியது. 2011-இல் கேஎஃப்8, பிறகு கேஎஃப்எக்ஸ் என்று அமேசானே அதைத் தாண்டிப் போய்விட்டது. இன்று அமேசானின் வாசிப்புக் கருவியான கிண்டிலுக்குக் கோப்பு அனுப்பும் சேவை இபப்பை ஏற்றுக்கொண்டு தன் வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது, மோபியை ஏற்பதில்லை. உரிமையாளரே கைவிட்ட வடிவத்தில் புதிதாக ஒரு நூலையும் செய்ய வேண்டியதில்லை.

இபப் கோப்பின் பெயரில் உள்ள பின்னொட்டை ஜிப் என்று மாற்றி விரித்துப் பாருங்கள். அதன் உள்ளே இருப்பது ஓர் இணையதளம்தான்: அத்தியாயத்துக்கு ஒன்றாக எக்ஸ்எச்டிஎம்எல் கோப்புகள், தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ், படங்கள், எழுத்துருக்கள், இவை எல்லாவற்றையும் பட்டியலிட்டு எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்று சொல்லும் ஒரு பொதிக் கோப்பு, பொருளடக்கத்துக்கான ஒரு வழிகாட்டிக் கோப்பு. இது அத்தியாயத் தலைப்பு, இது மேற்கோள், இது அடிக்குறிப்பு என்று ஒவ்வொரு பகுதிக்கும் அதன் பணி எழுதி வைக்கப்பட்டிருக்கும். ஒரு வரி எங்கே முடிய வேண்டும் என்பதைக் கருவி தன் திரையின் அகலத்தையும் வாசகர் தேர்ந்த எழுத்தின் அளவையும் பார்த்து முடிவு செய்துகொள்ளும்.

பிடிஎஃப் இதற்கு நேர் எதிர்த் திசையில் பிறந்தது. 1993-இல் அடோபி அதை வெளியிட்டபோது, எந்தக் கணினியில் திறந்தாலும் எந்த அச்சுப்பொறியில் அடித்தாலும் பக்கம் ஒன்றுபோலவே இருக்க வேண்டும் என்பதே குறிக்கோள். 2008-இல் அது ஐஎஸ்ஓ 32000 என்ற தரநிலையானது. இந்த வடிவத்தை இந்த இடத்தில் வை, அடுத்ததை அதற்கு வலப்புறம் வை என்னும் கட்டளைகளின் தொகுப்பு அது. குறிச்சொற்கள் இடாத பிடிஎஃப்புக்குப் பத்தி என்றால் என்னவென்றே தெரியாது. அதனால்தான் இபப்பிலிருந்து பிடிஎஃப் எடுப்பது சில நிமிட வேலையாகவும், பிடிஎஃப்பிலிருந்து இபப் எடுப்பது வாரக்கணக்கான வேலையாகவும் இருக்கிறது.

என் பரிந்துரை இபப் 3. 1999-இல் திறந்த மின்னூல் கட்டமைப்பு என்ற பெயரில் தொடங்கி, 2007-இல் இபப் 2, 2011-இல் இபப் 3 என்று வளர்ந்து, 2017-இல் இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பொறுப்புக்கு வந்து, 2023 மே மாதத்தில் 3.3 பதிப்பு அதன் முறையான பரிந்துரையாக வெளிவந்தது. ஆவணங்கள் பொதுவில் கிடைக்கின்றன. யாரிடமும் அனுமதி கேட்காமல் யாரும் இந்த வடிவத்தில் நூல் செய்யலாம்.

அடிக்குறிப்பு எழுதியது:

நிரல்வாசி அவர்கள் பிடிஎஃப்பை இவ்வளவு எளிதாக ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆய்வு நூல்களை மேற்கோள் காட்டியே காலம் தள்ளுகிறவன் நான். "பக்கம் 214, குறிப்பு 7" என்று எழுதினால் அச்சுப் பிரதி வைத்திருப்பவரும் பிடிஎஃப் வைத்திருப்பவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். இபப்பில் எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கினால் 214-ஆம் பக்கம் 391-ஆம் திரையாகிவிடுகிறது. "நூலில் 46 விழுக்காட்டில்" என்று எந்த ஆய்வேட்டிலும் எழுத முடியாது.

கவிதையின் நிலைமை இன்னும் மோசம். அடி எங்கே முடிகிறது என்பதே யாப்பின் உயிர். சிறு திரையில் ஒரு நெடிய அடி உடைந்து அதன் கடைசிச் சீர் அடுத்த வரிக்குப் போய் விழுந்தால், அதைக் கருவி உடைத்ததா கவிஞர் உடைத்ததா என்று வாசகர் எப்படி அறிவார்? பதிப்பாசிரியர் பார்த்துப் பார்த்து அமைத்த பக்கம் ஒரு சான்றாவணம் என்பதே என் நிலைப்பாடு.

அச்சுமை எழுதியது:

இரு தரப்பு வாதங்களையும் படித்தேன். இடையில் ஒரு சோதனை செய்தேன். 2012-இல் வெளிவந்த ஒரு நாவலின் பிடிஎஃப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால், "கொடுத்தான்" என்பது "ெகாடுத்தான்" என்று வருகிறது. "கேட்டாள்" என்பது "ேகட்டாள்". நூல் முழுவதும் இப்படியே. இன்னும் பழைய கோப்புகளில் தமிழ் எழுத்தே வருவதில்லை; உரோமன் எழுத்துகளும் நிறுத்தக் குறிகளும் கலந்த ஏதோ ஒன்று வருகிறது. கோப்பு பழுதா, அல்லது நகலெடுப்பதில் நான் ஏதும் தவறு செய்கிறேனா?

நிரல்வாசி எழுதியது:

உங்கள் தவறு எதுவும் இல்லை. இவை இரண்டு வெவ்வேறு நோய்கள்.

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறிமுறையாகிய ஒருங்குறி (யூனிகோடு) பரவுவதற்கு முன் டிஸ்கி, டாம், டேப் என்ற குறிமுறைகளும், எழுத்துரு நிறுவனங்கள் தத்தமக்கென்று வைத்துக்கொண்ட முறைகளும் புழங்கின. உரோமன் எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இருக்கும் வரை கண்ணுக்குத் தமிழ், இல்லாவிட்டால் குப்பை. எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்துவிட்டால் குறிமாற்றி கொண்டு மாற்றிவிடலாம், ஆகவே பார்ப்பதற்குப் பயமாக இருக்கும் இந்த நோய்தான் பெரும்பாலும் எளிதில் குணமாகிறது.

முதலாவது நுட்பமானது. ஒருங்குறியில் "கொ" என்பது, முதலில் ககரம், பிறகு ஒகரக் குறி என்று ஒலி வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போதுதான் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் பிரிந்து நிற்கின்றன. பிடிஎஃப் உருவாகும்போது இந்த வரைந்த வரிசையே பதிவாகிவிட்டதால், திரும்ப எடுக்கும்போது கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரிந்த வரிசையில் வருகிறது. விளைவு, அந்த பிடிஎஃப்பில் "கொடுத்தான்" என்று தேடினால் ஒருமுறைகூடக் கிடைக்காது.

கொம்பை அடுத்த மெய்க்குப் பின்னால் நகர்த்தும் நிரல் சில வரிகளில் எழுதிவிடக் கூடியது. ஆனால் ஓரிடத்தில் நிரல் தடுமாறும். ஔகாரக் குறியின் பின்பகுதியும் ளகரமும் பல எழுத்துருக்களில் ஒரே உருவம். பிடிஎஃப்பில் கொம்பு, ககரம், ளகரம் என்று வந்தால் அது "கௌரவம்" என்பதன் தொடக்கமா, "கெளுத்தி" என்பதன் தொடக்கமா? இதைச் சொல்லறிந்த மனிதர் ஒருவர் பார்த்தே தீர்க்க வேண்டும். பட்டியல் எடுத்தால் ஒரு நாவலில் சில பத்து இடங்கள் வரும். அரை மணி நேர வேலை. அதேபோல் "ஔவை" என்பதை ஒகரமும் ளகரமும் சேர்த்து "ஒளவை" என்று தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது, தேடலில் மட்டும் அகப்படாது. கடைசியாக உரை முழுவதையும் ஒருங்குறியின் ஒரே இயல்பு வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஒகரக் குறியை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம் என்பதால் இது அவசியம்.

செவிவாசகி எழுதியது:

பார்வையற்ற வாசகி நான். திரைவாசிப்பான் வழியாகவே நூல்களைக் கேட்கிறேன். நிரல்வாசி அவர்கள் சொன்ன அந்த முன்வந்த கொம்பு எனக்கு எப்படிக் கேட்கும் என்று சொன்னால் இங்குள்ளவர்களுக்குப் புரியும். குரல் "காடுத்தான்" என்று படித்துவிட்டுப் போகும். சில குரல்கள் கொம்பைத் தனியாக ஒரு குறியின் பெயராக உச்சரித்துவிட்டு மேலே செல்லும். பத்து நிமிடத்துக்கு மேல் கேட்க முடியாது. வருடிப் படமாகச் சேமித்த பிடிஎஃப் என்றால் அதுவும் இல்லை, வெறும் மௌனம்.

எனக்கு அழகான பக்கம் வேண்டியதில்லை. தலைப்புகள் தலைப்புகளாகக் குறிக்கப்பட்டிருந்தால் ஒரு விசையில் அடுத்த அத்தியாயத்துக்குத் தாவுவேன். தடித்த பெரிய எழுத்தாக மட்டும் இருந்தால் எனக்கு அது இன்னொரு பத்தி. மொழிக் குறியீடு தமிழ் என்று இருந்தால்தான் தமிழ்க் குரல் பேசும். ஒருமுறை காசு கொடுத்து வாங்கிய ஒரு கட்டுரை நூலில் ஆங்கிலம் என்று குறித்திருந்தார்கள். முதல் அத்தியாயம் முழுவதும் ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தாண்டித் தாண்டி எண்களை மட்டும் வாசித்தது. விற்றவர்களுக்கு எழுதினேன், என் கருவியை அணைத்துப் போடச் சொல்லிப் பதில் வந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் மின்னூல்களுக்கும் பொருந்துகிறது என்பதால், அங்கே விற்க நினைப்பவர்கள் இதைச் சட்டத் தேவையாகவே பார்க்க வேண்டும். டெய்சி கூட்டமைப்பின் ஏஸ் என்ற சோதனைக் கருவி இலவசமாகவே கிடைக்கிறது. படங்களுக்கு விளக்க உரை இல்லை, தலைப்பு வரிசை குலைந்திருக்கிறது என்பன போன்றவற்றை அது காட்டிக்கொடுக்கும். ஆனால் விளக்க உரை என்று "படம் 3" என்றே எழுதி வைத்தால் அதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியாலும் முடியாது. அதை எழுதுகிறவர்தான் மனம் வைக்க வேண்டும்.

மைத்திரை எழுதியது:

கருவிகளின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன், ஏனெனில் கணினித் திரையில் சரியாகத் தெரியும் இபப், வாசிப்புக் கருவிகளில் உள்ள மின்மை (இ-இங்க்) திரையில் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

மின்மைத் திரைக்குள் தலைமுடியின் தடிமனே உள்ள நுண்ணுறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட வெள்ளை, கறுப்புத் துகள்கள். மின்புலம் மாறும்போது ஏதேனும் ஒரு நிறம் மேலே வரும், மின்சாரம் நின்ற பிறகும் அங்கேயே நிற்கும். பக்கம் திரும்பும்போது மட்டுமே திரைக்கு மின்சாரம் செலவாவதால்தான் மின்கலம் வாரக்கணக்கில் தாங்குகிறது. எம்ஐடி ஊடக ஆய்வகத்திலிருந்து 1997-இல் பிறந்த இ இங்க் நிறுவனத்தின் திரையோடு 2004-இல் சோனியின் லிப்ரியே ஜப்பானில் வந்தது. 2007 நவம்பரில் வந்த முதல் கிண்டிலில் அங்குலத்துக்கு 167 புள்ளிகள். இன்று 300 என்பது சாதாரணமாகிவிட்டது. தமிழின் சுழிகளுக்கும் புள்ளிகளுக்கும் இந்த வேறுபாடு மிகப் பெரியது. வண்ணத் திரைகளில் நிற வடிகட்டி மேலே அமர்வதால், கறுப்பு வெள்ளையில் 300 கிடைத்தாலும் வண்ணத்தில் 150 ஆகக் குறைந்து, பின்புலமும் சற்றே இருண்டுவிடுகிறது. உரைநடை மட்டும் படிப்பவருக்கு வண்ணத் திரை தேவையே இல்லை என்பது என் கருத்து.

இனி அச்சுமை அவர்களின் வேலைக்கு வருகிறேன். பழைய கருவிகள் சிலவற்றில் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் பொறி இந்திய எழுத்துமுறைகளை அறியாது. நீங்கள் சரியான ஒருங்குறியில் கொடுத்தாலும் கொம்பு பின்னால் நிற்கும், புள்ளிவட்டம் தோன்றும். நல்ல எழுத்துருவைக் கோப்பினுள் பொதிந்தாலும் இந்தக் குறை தீராது, ஏனெனில் குறை பொறியில் இருக்கிறது. இந்தக் கருவிகளுக்காக உரையைக் குலைத்துக் கொடுக்கும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். சிலர் அப்படிச் செய்து, கருவி மாறியதும் நூல் முழுவதையும் இழந்தார்கள்.

இருபுறமும் சமன்செய்த வரிகளைத் தவிர்த்துவிடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. "எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" என்ற ஒரு சொல் சிறு திரையில் முக்கால் வரியைப் பிடித்துக்கொள்ள, முந்தைய வரியில் இரண்டு சொற்கள் இரண்டு ஓரங்களிலும் ஒட்டிக்கொண்டு நடுவில் வெற்றிடம் கிடக்கும். அச்சில் இணைகோடு இடாமலேயே சொல்லை முறித்து இதைச் சமாளித்தோம். கருவிகளில் அந்த வசதியை நம்பியிருக்க முடியாது. கண்ணுக்குத் தெரியாத முறிகுறிகளைச் சொற்களுக்குள் செருகும் பழக்கமும் உண்டு, ஆனால் பல செயலிகளில் தேடலும் அகராதியும் அதோடு வேலை செய்யாமல் போய்விடுகின்றன. இடப்பக்கம் மட்டும் ஒழுங்கான வரிகளே போதும்.

நூலகப்பூனை எழுதியது:

பேச்சு வடிவத்தோடு நின்றுவிடுகிறது. பூட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! நூலகத்தில் வேலை பார்ப்பதால் எனக்கு இபப்பா மோபியா என்பதைவிட நகலெடுப்பதைத் தடுக்கும் டிஆர்எம் என்ற மென்பொருள் பூட்டு உண்டா இல்லையா என்பதே முதல் கேள்வி.

2009 ஜூலையில் உரிமைச் சிக்கல் ஒன்றைக் காரணம் காட்டி, ஏற்கனவே வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்து சில நூல்களை அமேசான் தொலைவிலிருந்தே அழித்தது. பிறகு வருத்தமும் தெரிவித்தது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கிய நூல்கள் எல்லாம் திறக்க முடியாமல் போயின, பணம் திருப்பித் தரப்பட்டது. 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய கிண்டில் நூலைக் கணினிக்கு இறக்கிக் கம்பி வழியே கருவிக்கு மாற்றும் வசதியையும் அமேசான் நிறுத்திவிட்டது. இவற்றில் எதிலும் கோப்பு வடிவத்தின்மீது குற்றமில்லை. இபப் தரநிலை எந்தப் பூட்டையும் கட்டாயமாக்குவதில்லை. பூட்டு விற்பவர் சேர்ப்பது.

பதிப்பாளர் பூட்டு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், வாங்கியவரின் பெயரைக் கோப்பில் பொறிக்கும் மென்பூட்டைப் பரிந்துரையுங்கள். இரவல் கொடுக்கும் நூலகங்களுக்குத் தவணை முடிவைக் காக்க ஏதேனும் ஒன்று தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு ரீடியம் எல்சிபி போன்ற, ஒரே நிறுவனத்தின் கையில் சிக்காத முறை இருக்கிறது. ஆனால் உங்கள் அலமாரியில் இருக்கும் மூலக் கோப்பு பூட்டில்லாமல் இருக்க வேண்டும். தன் நூலின் பூட்டிய பிரதி மட்டுமே கையில் மிஞ்சிய ஒரு பதிப்பாளரை எனக்குத் தெரியும். கடை மூடியபோது சொந்த நூலைத் தாமே மீண்டும் தட்டச்சு செய்தார்.

நிரல்வாசி எழுதியது:

அடிக்குறிப்பு அவர்களுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. பக்க எண் என்பது இபப்பில் இழக்க வேண்டிய ஒன்றல்ல. அச்சில் 214-ஆம் பக்கம் எந்தச் சொல்லில் தொடங்குகிறதோ, அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பக்க முறிவுக் குறியை இட்டு, வழிகாட்டிக் கோப்பில் பக்கப் பட்டியலாகச் சேர்க்கலாம். வாசகர் எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் "அச்சுப் பக்கம் 214" அதே சொல்லிலேயே நிற்கும். எந்த அச்சுப் பதிப்பின் பக்கங்கள் என்பதையும் நூலைப் பற்றிய விவரங்கள் அடங்கிய மேல்தரவில் குறிக்க வேண்டும். பிடிஎஃப் கையில் இருப்பதால் பக்க எல்லைகளை நிரலே கண்டுபிடித்துக் குறியிட்டுவிடும்.

கவிதைக்கும் வழி உண்டு. ஒவ்வோர் அடியையும் தனித் தொகுதியாகக் குறித்து, முதல் வரி ஓரத்திலும் மடங்கிய பகுதி உள்தள்ளியும் வரும்படி சிஎஸ்எஸ்ஸில் அமைத்தால், உள்ளே தள்ளியிருப்பது கருவி மடக்கியது என்று வாசகருக்கு விளங்கிவிடும். சொற்களைக் கொண்டு பக்கத்தில் உருவம் வரையும் கவிதைகளுக்கு மட்டும் நிலைத்த பக்க அமைப்பைத் தவிர வேறு போக்கில்லை.

அடிக்குறிப்பு எழுதியது:

பக்கப் பட்டியல் பற்றி அறியாமல் பேசிவிட்டேன். நிரல்வாசி அவர்களுக்கு நன்றி. ஆயினும் நான் வாங்கிய மின்னூல்களைத் திறந்து பார்த்தேன்: 31 நூல்களில் 4-இல்தான் அந்தப் பட்டியல் இருக்கிறது. தரநிலை இடம் கொடுத்தும் பதிப்பாளர் செய்யாவிட்டால் எனக்கு என்ன பயன்? ஆகையால் அச்சுக்குப் போன பிடிஎஃப்பை அழித்துவிட வேண்டாம் என்ற கோரிக்கையை மட்டும் விடமாட்டேன். நெடுநாள் சேமிப்புக்கென்றே உள்ள பிடிஎஃப்/ஏ வகைக்கு மாற்றி, எழுத்துருக்கள் முழுவதும் பொதிந்திருக்கின்றனவா என்று பார்த்து, அதையும் அருகில் வைத்திருங்கள். அதைச் சான்றாகக் கொள்வோம், மூலமாக இபப் இருக்கட்டும்.

அச்சுமை எழுதியது:

நான்கு நாட்களில் ஒரு நூலை முடித்துவிட்டேன். 2012 நாவலின் கொம்புகளை நிரல் நகர்த்தியது. ஔகாரப் பட்டியலில் 37 இடங்கள் வந்தன, அவற்றில் இரண்டு உண்மையிலேயே கெளுத்தி மீன்கள். சிகில் தொகுப்பானில் தலைப்புகளைக் குறித்து, மொழிக் குறியீட்டைத் தமிழாக்கி, பக்க முறிவுகளையும் சேர்த்தேன். பதிப்பாளரிடம் அதே ஆறு அங்குலக் கருவியைக் கொடுத்து எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். இரண்டு முறை பெரிதாக்கினார், பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முதல் அத்தியாயத்தைப் படித்து முடித்தார். பிடிஎஃப்பை விற்கும் பேச்சு அதோடு நின்றது.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. சிறு திருத்தம் ஒன்றுக்காகக் கோப்பை ஜிப்பாக விரித்து, திருத்தி, மீண்டும் ஜிப்பாகச் சுருக்கினேன். இப்போது கருவியில் திறக்கிறது, ஆனால் இபப் கோப்பு தரநிலைப்படி இருக்கிறதா என்று பார்க்கும் இபப்செக் சோதனையில் முதல் வரியிலேயே பிழை என்கிறது. உரையில் எதையும் மாற்றவில்லை.

நிரல்வாசி எழுதியது:

கோப்பு வகையைச் சொல்லும் "மைம்டைப்" என்ற சிறு கோப்பு பொதியில் முதலாவதாக இருக்க வேண்டும், சுருக்கப்படாமலும் இருக்க வேண்டும். நீங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருக்கியதால் அது அகர வரிசையில் எங்கோ நடுவில் போய் உட்கார்ந்திருக்கும். அதை மட்டும் முதலில் சுருக்காமல் பொதியில் சேர்த்துவிட்டு, பிறகு மற்றவற்றைச் சேருங்கள். அதன் உள்ளே வரியின் முடிவில் வெற்றிடமோ புதுவரியோ இல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். உரைத்தொகுப்பான்கள் தாமாகவே ஒரு புதுவரியைச் சேர்த்துவிடும்.

அச்சுமை எழுதியது:

புதுவரிதான்! இப்போது பிழை எதுவும் இல்லை. அடுத்து கவிதை நூலை எடுக்கிறேன்.